கரண்ட் போகவில்லை

மேல்வீட்டு சார் “கரண்ட் ஏதாவது போச்சா?” என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லாததால் அது பொய்யில் சேருமா என்று பிறகு பல நாள் எனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்துவிட்டேன்; ஒரு முறைகூடத் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரவில்லை. அவருடைய கணினியின் பயாஸை, அதாவது அதை விழித்தெழச் செய்யும் அடிப்படை நிரலை, புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி உட்கார்ந்தவன், அரை மணி நேரத்துக்குள் அதை விசிறி மட்டும் சுழலும் தகரப் பெட்டியாக மாற்றியிருந்தேன். பயாஸ் எழுதும்போது மின்சாரம் போனால் மதர்போர்டு அவ்வளவுதான் என்பது கணினியோடு கொஞ்சம் பழகியவர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனவே அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எனக்கோ அது வெயிலில் தென்பட்ட திண்ணை போல இருந்தது, ஒதுங்கிக்கொண்டேன்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் அவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூலை மாதம் வந்துவிட்டால் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கொடுப்பார். மாதக் கடைசி நெருங்க நெருங்கக் கணினி திணறுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். மருமகன் தன் பழைய கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்த ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் ஒன்று அவருடைய மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. அவருடைய மதர்போர்டு 2015இல் ஆறாம் தலைமுறையோடு சேர்ந்து வந்த பி150 சிப்செட் வகை. 2017 ஜனவரியில் வெளியான ஏழாம் தலைமுறையும் அதே எல்ஜிஏ1151 சாக்கெட்டில்தான் உட்காரும். ஆனால் பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டால் காசு செலவில்லாமல் வேகம் கூடிவிடும் என்று சொன்னவன் நான்தான். அவர் கேட்கவே இல்லை.

நடந்தது இதுதான். தயாரிப்பாளரின் தளத்தில் அவருடைய போர்டின் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட கோப்பை இறக்கினேன். பயாஸுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவி அந்தக் கோப்பை ஏற்க மறுத்தது. இது இந்தப் பலகைக்கு உரியதல்ல என்று ஒற்றை வரியில் சொன்னது. மிகப் பழைய பதிப்பிலிருந்து மிகப் புதிய பதிப்புக்குத் தாவுவதால் அப்படிச் சொல்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தில் ஓடும் கருவி ஒன்று என் பென் டிரைவில் இருந்தது. சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு எழுது என்று அதற்கு ஆணையிட முடியும், ஆணையிட்டேன். அழித்தது, எழுதியது, எழுதியதைச் சரிபார்த்தது, 100 சதவீதம் என்றது. கூடத்தில் ஏதோ பழைய கிரிக்கெட் ஆட்டம் மறுஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. விக்கெட் விழுந்த ஆரவாரமும் இந்த 100 சதவீதமும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமிதமாகக்கூட இருந்தது. கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, கையில் ரிமோட்டோடு அவர் அறை வாசலில் வந்து நின்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பேட்டரியைக் கழற்றுவது என்னும் சடங்கு

அன்றிரவு செய்தவற்றை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. திரை வராத போர்டுக்கு எல்லோரும் செய்யும் முதல் வைத்தியமாக, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டினேன். இதனால் அழிவது கடிகார நேரமும் அமைப்புகளும்தான். பயாஸ் நிரலுக்கும் அந்தப் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. நிரல் இருப்பது போர்டின் ஓரத்தில் உள்ள எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில்; மின்சாரமே இல்லாமல் 20 ஆண்டு நினைவில் வைத்திருப்பேன் என்று அதன் தயாரிப்பாளர் உறுதி தரும் பொருள் அது. தப்பானதை எழுதினால் தப்பானதையும் அதே விசுவாசத்தோடு வைத்திருக்கும். இதெல்லாம் தெரிந்தும் இரண்டாவது முறையும் பேட்டரியைக் கழற்றினேன்.

பென் டிரைவில் குறிப்பிட்ட பெயரில் கோப்பை வைத்து, பயாஸே தன்னை மீட்டுக்கொள்ளும் வழியையும் முயன்றேன். அது ஏன் பலிக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. மின்சாரம் வந்ததும் பிராசஸர் தன் முதல் ஆணையைத் தேடிப் போகுமிடம், 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் ஓரிடம். அந்த இடம் உண்மையில் ஃபிளாஷ் சிப்பின் கடைசி 16 பைட்டுகள். அங்கிருந்து தொடங்கும்போது ரேம் இன்னும் உயிர் பெற்றிருக்காது. பிராசஸர் தனக்குள்ளேயே இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு, உண்மையான ரேமைப் பழக்கி எழுப்ப வேண்டும். பென் டிரைவைத் தேடும் மீட்பு வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். ரேமை எழுப்பும் இடத்திலேயே தடுமாறி நிற்கும் போர்டு மீட்புக் கதவு வரை நடந்து வராது.

மறுநாள் போர்டைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிப்பை நேரடியாகப் படிக்கவும் அதில் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமர், சில நூறு ரூபாய்க்கு எப்போதோ வாங்கியது, என்னிடம் இருந்தது. அதோடு வந்த கிளிப்பைச் சிப்பின் முதுகில் கவ்வவிட்டு, லினக்ஸில் ஃபிளாஷ்ரோம் என்னும் மென்பொருள் மூலம் உள்ளடக்கத்தைப் படித்தேன். 16 எம்பி, அதாவது 1,67,77,216 பைட்டுகள் வந்தன. இரண்டாம் முறை படித்தேன். அதே அளவு வந்தது, ஆனால் இரண்டின் செக்சமும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணும், ஒன்றாக இல்லை. ஒரே புத்தகத்தை இரண்டு முறை படித்தால் இரண்டு கதை வருவது போன்றது இது. கிளிப் சரியாகக் கவ்வாதிருக்கலாம். அல்லது சிப்புக்குக் கொடுக்கும் 3.3 வோல்ட்டைப் போர்டின் மற்ற உறுப்புகளும் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். போதாக்குறைக்கு, என்னிடம் இருந்த கறுப்புப் பலகை வகை சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்புவதற்குப் பெயர்போனது. படித்தது எப்படியிருந்தால் என்ன, எழுதத்தானே போகிறோம் என்று விரல் எழுதும் கட்டளை வரை போய்விட்டது. ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால், விவேகத்தால் அல்ல. முந்தைய நாளின் பயத்தால்.

போர்டைக் கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லப் போனபோது சார், “என்ன செலவானாலும் நான் கொடுத்துடறேன். கரண்ட் போனதுக்கு நீ என்னப்பா பண்ணுவ” என்றார். படியிறங்கும்போது போர்டு கனமாக இருந்தது.

நரசிங்கபுரம் தெரு, முதல் மாடி

மாம்பலத்தில் மின்சார ரயிலேறிப் பார்க் நிலையத்தில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆட்டோவில் போனேன். போர்டு, நிலைமின்சாரம் தாக்காத உறைக்குள்ளும் அந்த உறை ஒரு கல்யாண வீட்டு மஞ்சள் பைக்குள்ளும் இருந்தது. முதல் கடையில் மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, “போர்டு டெட் சார், வேற செகண்ட்ஸ் போர்டு இருக்கு” என்றார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒரு சிப்பைக் கழற்றி, படித்து, எழுதி, மீண்டும் ஒட்டும் நேரத்தில் அவர்கள் பத்துப் பேருக்கு விற்றுவிடலாம். ஆனால் ‘டெட்’ என்னும் சொல் எனக்கு உறுத்தியது. அந்தப் போர்டில் ஒரு மின்தடையும் கருகவில்லை, ஒரு கெபாசிட்டரும் உப்பவில்லை. காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே மாறிப்போயிருந்தது.

அங்கிருந்த பையன் ஒருவன் இரக்கப்பட்டு, பக்கத்திலுள்ள நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடிப்படியைக் காட்டினான். மேலே ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு ஹாட் ஏர் எந்திரம், மூக்கின் நுனியில் கண்ணாடியுடன் அறுபதை ஒட்டிய ஒருவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் அழைத்தார்கள். போர்டை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் போச்சா தம்பி?” இம்முறை தலையாட்டலோடு நிற்கவில்லை, “ஆமாம் பாய்” என்று வாயாலேயே சொன்னேன். மேல்வீட்டில் செய்தது பொய்யா என்ற வழக்கில் இது எனக்கு எதிரான முக்கியச் சாட்சி.

என் கிளிப் அனுபவத்தைச் சொன்னேன். இரண்டு முறை படித்து இரண்டும் வேறாக வந்ததா என்று திருப்பிக் கேட்டவர், கிளிப்பைத் தொடவே இல்லை. சிப்பின் கால்களில் ஃபிளக்ஸ் தடவி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பாகங்களைப் வெப்பம் தாங்கும் பாலிஇமைடு நாடாவால் மூடி, ஹாட் ஏரைக் காட்டி, ஈயம் பளபளத்த நொடியில் சிப்பை இடுக்கியால் எடுத்துவிட்டார். அது ஆறும் வரை பழைய கதை பேசினார். அந்தக் காலத்துப் போர்டுகளில் பயாஸ் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். ஓடுகிற இன்னொரு போர்டில் நல்ல சிப்பைக் கொண்டு கணினியை எழுப்பி, ஓடும்போதே அதைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி எழுதிவிடுவார்களாம். 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்ட சிஐஎச் வைரஸ் பயாஸையே அழித்து எழுதியபோது இந்த வித்தைதான் பலருக்குச் சோறு போட்டது என்றார். செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் அதற்குப் பெயருண்டு. கதை எனக்குச் சுவையாக இருந்தது. ஆனால் என் கண் முழுக்க அந்தச் சிப்பின் மேலேயே இருந்தது.

சிப்பை அடாப்டரில் வைத்து மூன்று முறை படித்தார். மூன்றின் செக்சமும் ஒன்று. அதன் பிறகுதான் பைட்டுகளை உள்ளபடியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்தார். “எங்க நின்னுபோச்சுன்னு பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே மெல்ல உருட்டினார்.

அவர் எதைத் தேடினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பைட்டை நினைத்த மாத்திரத்தில் மாற்றி எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். இந்த வகைச் சிப்பில் குறைந்தது 4 கேபி. பெரிதாக வேண்டுமென்றால் 64 கேபி. அழித்தால் எல்லாப் பிட்டுகளும் ஒன்றாகிவிடும், திரையில் எஃப்எஃப் எஃப்எஃப் என்று வரிசையாகத் தெரியும். எழுதுவது என்பது தேவையான ஒன்றுகளைச் சுழியங்களாக்குவதுதான். ஒரே வீச்சில் மொத்தமாக அழிவது கேமராவின் ஃபிளாஷை நினைவூட்டியதால்தான், 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இதைக் கண்டுபிடித்தபோது உடன் பணிபுரிந்த ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னார் என்பார்கள். ஆக, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருந்தால் சிப்பில் அதற்குத் தடயம் இருக்கும். ஓரிடம் வரை புதிய எழுத்து, பிறகு நிரலில் இடமில்லாத எஃப்எஃப் வெறுமை, அதைத் தாண்டி பழைய எழுத்தின் மிச்சம். கிணறு வெட்டுவதை எங்கே நிறுத்தினார்கள் என்பதை மண்ணே காட்டிக்கொடுப்பது போல.

பாய் உருட்டிக்கொண்டே போனார். எஃப்எஃப் வெறுமைகள் வந்தன. ஆனால் அவை இருக்க வேண்டிய இடங்களில், சீரான எல்லைகளோடு வந்தன. கடைசி 16 பைட்டுகள் வரை போனார்; முதல் ஆணை அங்கே ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு மேலே திரும்பினார். பிறகு எழுத்துகளைத் தேடும் வசதியில் எதையோ தட்டினார். வலப்பக்கப் பத்தியில், புள்ளிகளுக்கும் குறியீடுகளுக்கும் நடுவே, போர்டின் பெயர் தெளிவான ஆங்கில எழுத்தில் தெரிந்தது. அதன் வாலில் ஒரு சாய்கோடும் ‘டி3’ என்ற இரண்டு எழுத்தும் இருந்தன. என் போர்டைத் திருப்பி, விரிவாக்க ஸ்லாட்டுகளுக்கு இடையே அச்சிட்டிருந்த பெயரைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். அதில் வால் இல்லை.

ஆறாம் தலைமுறை பிராசஸர்களுக்கு டிடிஆர்4 ரேமும் ஒத்துவரும், குறைந்த மின்னழுத்த டிடிஆர்3 வகையும் ஒத்துவரும். அதனால் ஒரே போர்டை இரண்டு ரேமுக்கும் இரண்டு வடிவமாக விற்றார்கள். பெயர் ஒன்று, வால் மட்டும் வேறு. நான் டிடிஆர்4 போர்டின் தலையில் டிடிஆர்3 போர்டின் மூளையைப் பொருத்தியிருந்தேன். அது விழித்தெழுந்து, இல்லாத ரேமைத் தேடி, கிடைக்காமல் நின்றிருக்கிறது. புதுப்பிப்புக் கருவி சொன்ன அந்த ஒற்றை வரி எழுத்துக்கு எழுத்து உண்மை.

பாய் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “கரண்ட் போகலை தம்பி,” என்றார் திரையைப் பார்த்தபடியே. “முழுசா எழுதியிருக்கு. வேற போர்டோட பயாஸ்.” குரலில் கண்டிப்பும் இல்லை, கேலியும் இல்லை. நோயாளி சொன்ன வயிற்று வலி உண்மையில் வேறிடத்து வலி என்று சொல்லும் மருத்துவரின் குரல். அவருக்கு அது நோயின் விவரம், அவ்வளவே. எனக்கோ, யாரிடமும் சொல்லாததை ஒரு எட்டுக் கால் பூச்சி மேசைமேல் உட்கார்ந்து சொல்லிவிட்டது போல இருந்தது. காது சூடானதை இப்போதும் உணர முடிகிறது.

ஆறு பைட்டுகள்

வெட்கத்தை மறைக்க, சரியான கோப்பு பென் டிரைவில் இருக்கிறது, அப்படியே முழுதாக எழுதிவிடலாமே பாய் என்றேன். அவர் அந்தக் கோப்பைத் திறந்து, தொடக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். 88:88:88:88:87:88 என்று இருந்தது.

இன்டெல் போர்டின் சிப் உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கும். முதல் 4 கேபியில் எந்த அறை எங்கே என்ற வரைபடம், பிறகு நெட்வொர்க் பகுதிக்கு 8 கேபி, மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கு ஓர் அறை, கடைசியாக பயாஸ். நான் பயன்படுத்திய டாஸ் கருவி பயாஸ் அறையை மட்டுமே மாற்றியிருந்தது. நெட்வொர்க் அறையின் முதல் ஆறு பைட்டுகளில் நெட்வொர்க்கில் அந்தப் போர்டை அடையாளம் காட்டும், அதற்கே உரிய மேக் முகவரி அப்படியே இருந்தது. தளத்தில் கிடைக்கும் கோப்பு எல்லாருக்கும் பொதுவானது. அதில் அந்த இடத்தில் இருப்பது பெயருக்கு ஒரு நிரப்பல்தான். அதை முழுதாக எழுதியிருந்தால் கணினி எழுந்திருக்கும், இணையமும் வந்திருக்கும், ஆனால் அது அந்தக் கணினியாக இருந்திருக்காது. சாருடைய வரி மென்பொருளின் உரிமம் நெட்வொர்க் முகவரியோடு பிணைக்கப்பட்டது என்பது எனக்கு அந்த மேசையில்தான் நினைவுக்கு வந்தது. போர்டில் ஒட்டியிருந்த முகவரித் தாளோ தூசியிலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிப்போயிருந்தது.

வீட்டில், செக்சம் பொருந்தாத நிலையில், எழுதும் கட்டளை வரை போன என் விரலை நினைத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் கோடி பைட்டுகளுக்குச் சற்றுக் குறைவானவற்றில் உலகில் வேறெங்கும் கிடைக்காதவை அந்த ஆறும்தான்; கெட்டுப்போனது என்று நான் தூக்கியெறிய இருந்த உள்ளடக்கத்துக்குள்தான் அவை பத்திரமாக இருந்தன. பாய் மூன்று முறை படித்ததில் ஒன்றை எடுத்து, முதல் மூன்று அறைகளையும் தொடாமல், பயாஸ் அறையை மட்டும் சரியான கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார். எழுதி, மீண்டும் படித்து, ஒப்பிட்டு, சிப்பைத் திரும்ப ஒட்டினார். மேசையில் இருந்த ஒரு பவர் சப்ளையைச் செருகி, இரண்டு ஊசிகளைத் திருப்புளியால் தொட்டார். விசிறி சுழன்று, நின்று, மீண்டும் சுழன்றது. திரையில் தயாரிப்பாளரின் சின்னம் வந்தபோது அவர் அடுத்த போர்டை எடுத்துவிட்டிருந்தார். பணம் கொடுக்கும்போது, “பேரை முழுசாப் படிங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். எடுத்த நகலை என் பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தார்.

மாலையில் சார் வீட்டில் எல்லாவற்றையும் பூட்டினேன். ஏழாம் தலைமுறை பிராசஸரின் பெயர் திரையில் வந்தது, வரி மென்பொருள் உரிமம் கேட்காமல் திறந்தது. அவர் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். பணம் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அன்று கரண்ட் போகவில்லை, நான்தான் வேறு போர்டின் பயாஸை எழுதிவிட்டேன், எச்சரித்ததையும் மீறி எழுதினேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் பர்ஸை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “தெரியும்பா. நீ உள்ள இருந்தப்ப நான் ஹால்ல மேட்ச் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அந்த ஃபார்ம் 16 கட்டை இப்படிக் கொடு. நாலு நாள்தான் இருக்கு” என்றார்.